சானல் அடைத்தபின் மாட்டைக் காப்பது எப்படி? குமரி மாவட்ட மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வறட்சி என்றால் வெளியூர்க்காரர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். இரண்டு பருவமழையும் கிடைக்கிற ஊர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் இருக்கின்றன, பிறகென்ன கவலை என்பார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் நிலைமை தெரியும். பிப்ரவரி கடைசியில் வழக்கம்போல் சானல் (அணையிலிருந்து வரும் பாசனக் கால்வாய்) தண்ணீரை அடைத்துவிட்டால், ஜூனில் மழை பிடிக்கும்வரை வரப்பில் புல் இருக்காது, கிணறு இறங்கும், பாலும் இறங்கும். இந்த நான்கு மாதத்தைப் பற்றி மாடு வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன.

நம் மாவட்டத்தில் வறட்சிக்கென்று தனியாகத் திட்டம் போட வேண்டுமா?

கண்டிப்பாகப் போட வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தபோது குமரியும் அதில் இருந்தது. அணை உள்ள மாவட்டத்துக்கும் அந்த நிலை வரும்.

மாவட்டத்துக்குள்ளேயே வித்தியாசம் அதிகம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலும் கோடை இடிமழையும் ஓரளவு கைகொடுக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழையும் குறைவு, கணவாய்க் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். குலசேகரத்துக்காரர் சொல்லும் யோசனை ஆரல்வாய்மொழியில் அப்படியே பலிக்காது.

ஒரு நல்ல விஷயம் உண்டு. நம் ஊர் வறட்சி எப்போது தொடங்கும், ஏறக்குறைய எப்போது முடியும் என்பது முன்கூட்டியே தெரியும். அதனால் மார்கழியிலேயே உட்கார்ந்து கணக்குப் போடலாம். வைக்கோல் எவ்வளவு, கிணறு எவ்வளவு தரும், இந்த இரண்டுக்கும் எத்தனை மாடு தாங்கும் என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். சித்திரையில் வைக்கோல் படப்பு காலியான பிறகு போடும் கணக்கு நஷ்டக் கணக்காகத்தான் இருக்கும்.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு வைக்கோல் சேர்த்து வைக்க வேண்டும்?

பசுந்தீவனம் பெயருக்குத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளுக்கு சுமார் 6 கிலோ வைக்கோல் வேண்டும். 120 நாளுக்கு 720 கிலோ. சிந்துவது, மட்குவது போக ஒரு மாட்டுக்கு முக்கால் டன்னுக்குக் குறையாமல் வையுங்கள். நான்கு மாடு என்றால் மூன்று டன்.

வாங்கும் நேரம்தான் முக்கியம். முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியில் வரும். அந்த வைக்கோல் மழையில் நனைய வாய்ப்பு அதிகம். இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்பு தை, மாசியில். வெயிலில் நன்றாகக் காய்ந்த வைக்கோல் அப்போதுதான் கிடைக்கும், விலையும் அடங்கியிருக்கும். பூதப்பாண்டி, திருப்பதிசாரம் ஏலாக்களில் (வயல்வெளிகளில்) அறுப்பு நடக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். இயந்திரம் அறுத்த வயலில் வைக்கோல் சிதறிக் கிடக்கும், காய்ந்ததும் தாமதிக்காமல் கட்டுப் போட வேண்டும். கட்டுக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் நாலைந்து கட்டை எடை போட்டுப் பாருங்கள். கட்டின் எடை வயலுக்கு வயல் மாறும்.

படப்பைத் தரையோடு போடாமல் தென்னந்தடியோ கல்லோ அடுக்கி அதன்மேல் போடுங்கள். பூஞ்சை பிடித்துக் கறுத்த வைக்கோலை, எவ்வளவு பஞ்சமானாலும், மாட்டுக்குப் போடாதீர்கள். வாலும் காதும் குளம்பும் அழுகும் நோய் அதனால் வரும்.

என் கிணறு எத்தனை மாட்டுக்குத் தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்க்கலாம், சிரமமில்லை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மறுநாள் காலையில், மோட்டார் போடுவதற்கு முன், திரும்பப் பாருங்கள். எட்டடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடி ஏறியிருந்தால் இரவில் சுமார் 1,400 லிட்டர் ஊறியிருக்கிறது. ஆறடி விட்டமென்றால் ஓரடிக்கு சுமார் 800 லிட்டர்.

கறவை மாடு கோடையில் குடிக்க மட்டும் நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் கேட்கும், அதிகம் கறக்கும் மாடு இன்னும் கூடுதலாகக் குடிக்கும். குளிப்பாட்ட, தொழுவம் கழுவ என்று தனியாக வேண்டும். மாட்டுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால், ஊற்று எந்த வேகத்தில் குறைகிறது, சித்திரையில் என்ன மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகிற தொழில் அல்ல இது.

தண்ணீரை எங்கே மிச்சம் பிடிக்கலாம்? குடிக்கக் கொடுப்பதைக் குறைத்தால் என்ன?

குடிதண்ணீரில் மட்டும் கைவைக்காதீர்கள். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். தாகம் தீராத மாடு தீனியையும் குறைத்துக்கொள்ளும். பால் சீக்கிரமே இறங்கிவிடும், பிறகு தண்ணீர் கொடுத்தாலும் பழைய அளவுக்கு ஏறுவது கடினம்.

மிச்சம் பிடிக்க வேண்டியது கழுவுவதில். சாணியை முதலில் மண்வெட்டியாலும் துடைப்பத்தாலும் வாரி எடுத்துவிட்டு, பிறகு கழுவுங்கள். குழாயை நேராகத் திருப்பிச் சாணியை அடித்துத் தள்ளுவதில் போகிற தண்ணீரை நினைத்தால் வயிறெரியும். கழுவிய தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டிப் புல் பாத்திக்கு விடுங்கள். தொழுவத்துத் தண்ணீர் பாய்ந்தால் கொஞ்சம் கோ-4 (கம்பு நேப்பியர் ரகம்) புல்லாவது கோடையைத் தாண்டிவிடும். சமையலறைக் காடியும் கஞ்சித்தண்ணீரும் வீணாகாமல் தொட்டிக்கு வரட்டும்.

கூரையையும் மறக்க வேண்டாம். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் ஒரு நல்ல இடிமழை வந்தால் தொட்டி நிறைந்துவிடும். முதல் மழையில் வரும் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

கடற்கரைப் பக்கம் கிணறு கோடையில் உவர்க்கிறது. மாடு குடிக்கலாமா?

எவ்வளவு உவர்ப்பு என்பதைப் பொறுத்தது. தண்ணீரைப் பரிசோதித்து டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பாருங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. 3,000 முதல் 5,000 வரை என்றால் முதலில் குடிக்கத் தயங்கும், சில நாள் கழிச்சல் போகலாம், பிறகு பழகிவிடும். 5,000-க்கு மேல் போனால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் அதைக் கொடுக்காதீர்கள். 10,000-ஐத் தாண்டினால் எந்த மாட்டுக்கும் வேண்டாம். உவர்த் தண்ணீர் குடிக்கும் மாட்டுக்குத் தீவனத்தில் தனியாக உப்புப் போடுவதைக் குறைத்துவிடுங்கள்.

வற்றிய குளத்தில் பச்சைப் பாசி ஏடுபோல் படர்ந்திருந்தால் அங்கே மாட்டை இறக்க வேண்டாம், அந்தப் பாசியில் சில வகை நஞ்சு. மேற்கே ரப்பர் ஷீட் அடிக்கும் இடங்களிலிருந்து ஓடிவரும் தண்ணீரில் ஆசிட் கலந்திருக்கும். தாகமெடுத்த மாடு அதைக் குடித்துவிடும், அந்தப் பக்கம் கட்டாதீர்கள்.

வாழைத்தண்டு நிறையக் கிடைக்கிறது. அதை மட்டும் போட்டு ஒப்பேற்றலாமா?

முடியாது. வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிறையும், சத்து ஏறாது. ஏத்தனோ மட்டியோ, குலை வெட்டிய தண்டை மெல்லிய வில்லைகளாக அரிந்து, நாளுக்கு 10 முதல் 15 கிலோவுக்குள், வைக்கோலோடு கலந்து போடுங்கள். கூடவே புண்ணாக்கும் தாது உப்பும் கண்டிப்பாக வேண்டும். வாழையிலை தண்டைவிடச் சத்துள்ளது.

ஆனால் தண்டை எடுப்பதற்கு முன் தோட்டக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: தண்டுத் துளைப்பான் வண்டுக்கு ஊசி மருந்து போட்டீர்களா, தூரில் குருணை மருந்து வைத்தீர்களா, வைத்தால் எப்போது? தண்டுக்குள் நேரடியாகப் பூச்சிமருந்து ஏற்றும் வழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. பதில் தெளிவாக வராவிட்டால் அந்தத் தண்டை விட்டுவிடுங்கள்.

மரச்சீனி இலையும் தோலும் போடலாமா? ரப்பர் இலை?

ரப்பர் இலை வேண்டவே வேண்டாம். காற்றில் ஒடிந்து விழுந்த கொப்பை மாடு ஆசையாகத் தின்னும், அதில் சயனைடு நஞ்சு உருவாகும்.

மரச்சீனியிலும் (மரவள்ளி) அதே நஞ்சு உண்டு, ஆனால் அதைப் பக்குவப்படுத்த முடியும். இலையில் புரதம் நிறைய இருக்கிறது. கிழங்கு பிடுங்கும் காலத்தில் குவித்துப் போட்டு எரிக்கும் இலையை நினைத்தால் எனக்கு மனம் ஆறாது, அத்தனையும் கோடைக்கான தீவனம்.

இலையைக் காம்போடு ஒடித்து, கத்தியால் இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். நறுக்கும்போதுதான் நஞ்சு வெளியேறத் தொடங்கும். முழு இலையாகக் காயப்போட்டால் அவ்வளவு போகாது. சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை கிளறி, இரண்டு மூன்று நல்ல வெயில் காய விடுங்கள். கையில் எடுத்து நொறுக்கினால் மொறுமொறுவென்று உதிர வேண்டும். நடுக்காம்பு வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காய்ந்ததைச் சாக்கில் கட்டி மேடான இடத்தில் வையுங்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கிலோ வரை, வைக்கோலோடு கலந்து கொடுக்கலாம். தோலையும் இப்படியே காயவைத்துத்தான் போட வேண்டும்.

பச்சையாகத் தின்றுவிட்டால் நிமிடக் கணக்கில் ஆபத்து வரும். மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், தள்ளாடி விழும், ஈறும் கண்ணின் உள்பக்கமும் பளிச்சென்று சிவந்திருக்கும். இதற்கு மாற்று ஊசி உண்டு, கால்நடை மருத்துவர் நரம்பில் போட வேண்டும். உடனே 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தக மருத்துவரின் எண்ணையும் தொழுவத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் பெண்கள், பிள்ளைகள் மட்டும் இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கும்.

விதைத்த தீவனச் சோளம் வெயிலில் வாடி நிற்கிறது. அறுத்துப் போடலாமா?

பூக்காத, முழங்கால் உயரத்தில் வாடிக் குறுகிய சோளத்தைப் போடாதீர்கள். அதிலும் அதே சயனைடுதான். வாடிய பயிரில் ஒரு மழை விழுந்து துளிர்க்கும் இளம் தளிர் இன்னும் மோசம். மேய்ச்சலுக்குப் போகும் மாடு அந்த வயலுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூத்தபின் அறுத்து, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தால் பயமில்லை.

வைக்கோலுக்கு யூரியா போடலாம் என்கிறார்கள். மாடு செத்துப்போகாதா?

முறையாகச் செய்தால் நல்ல தீவனம், முறை தப்பினால் விஷம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். யூரியா முழுக்கக் கரைய வேண்டும், அடியில் கட்டி தங்கக் கூடாது. தார்ப்பாய் விரித்து, வைக்கோலை ஒரு வரிசை பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து அமுக்கி, அடுத்த வரிசை என்று அடுக்கிக்கொண்டே போங்கள். மேலே தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் தொடாமல் விடுங்கள். திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, நெடி போகும்வரை ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுப் போடுங்கள். மூன்று நான்கு சதவீதமாக இருந்த வைக்கோலின் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வைக்கோலும் மிருதுவாகும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது கூடாது. பட்டினி கிடந்த மாட்டுக்கு எடுத்த எடுப்பில் நிறையப் போடக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

புல் இல்லாத நாட்களில் சோறு வடித்துக் கொடுக்கிறோம். தப்பா?

அளவு மீறினால் தப்பு. புல் தின்னப் பிறந்த வயிற்றில் சோறு ஒரேயடியாக நிறையப் போனால் அமிலம் பொங்கி, அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். பொங்கலன்று மாட்டுக்கு ஆசை ஆசையாக ஊட்டிவிட்டு மறுநாள் டாக்டரைத் தேடி ஓடுவது இதனால்தான். பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். தவறித் தின்றுவிட்டால் மருத்துவர் வருவதற்குள் 50 முதல் 100 கிராம் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் மெதுவாகக் கொடுக்கலாம்.

சைலேஜ், அசோலா, மண்ணில்லாத் தீவனம், இதில் எது உருப்படியானது?

சைலேஜ். தண்ணீர் இருக்கும் கார்த்திகை, மார்கழியில் வளரும் புல்லையும் மக்காச்சோளத்தையும் ஓரங்குலத் துண்டாக நறுக்கி, பிளாஸ்டிக் மூட்டையில் காற்றில்லாமல் அமுக்கிக் கட்டி வைத்தால் 45 நாளில் தயார். மூட்டையில் ஓட்டை விழாமலிருந்தால் கோடை முழுக்க இருக்கும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா நல்லதுதான், ஆனால் கடும் வெயிலில் வளர்ச்சி நின்றுவிடும், நிழல் வேண்டும். மண்ணில்லாத் தீவனம் என்று தட்டில் மக்காச்சோளம் முளைக்க வைப்பதில் எடை கூடுவதெல்லாம் தண்ணீரின் எடை. வைட்டமினுக்காகக் கொஞ்சம் கொடுக்கலாமே தவிர, அதை நம்பி மாடு வைக்க முடியாது.

இவற்றைவிட வேலியோரத்து மரத்தை நான் அதிகம் நம்புகிறேன். கிளைரிசிடியா, அகத்தி, சூபாபுல், முள்முருங்கை, பலா போன்றவற்றில் பல ஆழமாக வேர்விட்டுப் பங்குனி வெயிலிலும் பச்சையாக நிற்கும். சூபாபுல் மட்டும் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். விளையின் (தோட்டத்தின்) எல்லையில் இந்த மழைக்கே போத்தோ கன்றோ நட்டு வையுங்கள். சினை மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ பச்சை இலையாவது கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைட்டமின் ஏ குறைந்து பிறக்கும் கன்று பலவீனமாக இருக்கும்.

பாலில் தண்ணீர் கலக்கவில்லை. ஆனால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். குறைவு என்று விலையைக் குறைக்கிறார்கள். ஏன்?

எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு நீங்கலாக உள்ள திடப்பொருள். தீவனத்தில் சக்தி பற்றாமல் போனால் அது குறையும். வெறும் வைக்கோலும் வாழைத்தண்டும் தின்கிற மாட்டுக்கு இதுதான் நடக்கும். மக்காச்சோள மாவு, புண்ணாக்கு, தவிடு சேர்ந்த அடர்தீவனத்தை மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதமும், உடம்புக்கு ஒன்றரைக் கிலோவும் கொடுங்கள். தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம். மாடு மண்ணையும் துணியையும் நக்கினால் தாது உப்புப் பற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலில் மாடு நாக்கைத் தள்ளி மூச்சு வாங்குகிறது. தண்ணீர் ஊற்றினால் போதுமா?

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீர் ஊற்றிவிட்டுக் காற்றில்லாமல் அடைத்துக் கட்டினால் புழுக்கம்தான் கூடும். நனைத்தால் மின்விசிறியோ திறந்த வெளிக் காற்றோ வேண்டும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தென்னையோலை பரப்புங்கள். தீனியை விடியற்காலையிலும் இருட்டிய பின்னும் போடுங்கள். பகல் முழுக்கத் தென்னந்தோப்பு நிழலில் கட்டி, எட்டும் இடத்தில் தண்ணீர் வையுங்கள். தோப்பு இருக்கும்போது மாட்டை ஏன் தொழுவத்துக்குள் வேகவைக்க வேண்டும்?

தீவனம் எல்லா மாட்டுக்கும் பற்றாது என்று தெரிகிறது. எதை விற்பது?

இதுதான் எல்லாரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி. முதலில் கேட்டிருக்க வேண்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் மாட்டை விற்பது லேசான காரியமில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஆறு மாட்டை அரைப்பட்டினி போட்டால் ஆறும் சினை பிடிக்காது, ஆறும் பால் தராது, அடுத்த வருடமும் சேர்ந்து போகும். நான்கு மாட்டை வயிறார வைத்திருப்பதே அந்த மாடுகளுக்கும் நாம் செய்யும் நியாயம்.

பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காதது, மடிநோயில் காம்பு போனது, பால் வற்றியும் சினை இல்லாதது, காளைக் கன்று ஆகியவை முதலில். சினைக் கிடாரியையும் நிறைசினை மாட்டையும் கடைசிவரை வையுங்கள், மழைக்குப் பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது அவைதான். சினையா இல்லையா என்பதில் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். தையில் மாடு சதைப்பிடிப்போடு இருக்கும்போது விற்றால் விலை பேசலாம். எலும்பு தெரிகிற சித்திரையில் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப்போகும் லாரிக்காரர் சொன்னதுதான் விலை.

அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

வறட்சி அறிவிக்கப்பட்ட காலங்களில் உலர்தீவனக் கிடங்கு திறந்து மானிய விலையில் வைக்கோல் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அப்படி ஏதும் இருக்கிறதா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாடு வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு கடன் உண்டு. வட்டிக்கு வாங்கி வைக்கோல் வாங்குவதற்கு முன் வங்கியில் விசாரித்துப் பாருங்கள். காப்பீடு செய்த மாட்டின் காதுத்தோடு விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்றிப் போட வேண்டும், தோடு இல்லாமல் இழப்பீடு வாங்குவது பெரும்பாடு. புல் கரணை, விதை, பயிற்சி வேண்டுமென்றால் திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மழை பிடித்துவிட்டது. இனி அவிழ்த்து விடலாம்தானே?

உடனே வேண்டாம். மாதக்கணக்கில் வைக்கோல் தின்ற வயிறு, திடீரென்று இளம் புல்லை நிறையக் கண்டால் உப்பிவிடும், கழியும். காலையில் வைக்கோல் போட்டு, பாதி வயிறு நிறைந்த பிறகு ஒரு மணி நேரம் மேயவிட்டு, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். குடற்புழு மருந்து கொடுங்கள். தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் மருந்தகத்தில் கேட்டு இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். இளைத்த மாடு பருவத்துக்கு வரத் தாமதமாகும், அதற்காக ஊசிமேல் ஊசி போட வேண்டாம். அடர்தீவனமும் தாது உப்பும் கொடுத்து உடம்பு தேறவிடுங்கள், விலாவெலும்பு மூடி வரும்போது பருவத்துக்கு வரும், அப்போது சினை ஊசி போடலாம்.